பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் இடது முழங்காலில் பிறந்தது. என் வீடு ஆறாவது மாடி, நூற்றெட்டுப் படி. செவ்வாய்க்கிழமையிலிருந்து லிஃப்ட் ஓடவில்லை. கதை தங்களைத் தேடி வந்ததாக எழுதுகிறவர்கள் பீற்றிக்கொள்வார்கள். என்னுடையது படியேறி, மூச்சு வாங்கி, நான்காவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் வந்தது. லிஃப்டை நிறுத்தியவன் பெயர் தயாளன், எங்கள் குடியிருப்பின் சூப்பர்வைசர். அவனைப் பற்றிப் புகார்க் கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியிலேயே அது கெட்டுப்போய்க் கதையாகிவிட்டது.

(நேரில் 'நீங்க', 'வாங்க'தான். 'அவன்' எல்லாம் கதையில் மட்டும். அவ்வளவு எரிச்சலில் இருக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: "இருபது ஆண்டுகள் பாரத வானைக் காத்த அந்த வீரனின் கண்களில் ஒரு—"

அடித்துவிட்டேன். தயாளன் வானத்தையெல்லாம் காக்கவில்லை. விமானத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து நட்டு முடுக்கினான். அவனே சொன்னது.

இரண்டாவது: "பெருங்களத்தூரில் மாலை வெயில் ஜி.எஸ்.டி. சாலையின் மீது—"

வெயிலுக்கும் லிஃப்டுக்கும் என்ன சம்பந்தம்? இதுவும் போகட்டும்.

மூன்றாவது சுமாராக வந்தது. தயாளனுக்கு வயது நாற்பத்தொன்று. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து, சார்ஜென்ட்டாக வெளியே வந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதற்குள் இது மூன்றாவது வேலை. கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி மேற்பார்வை, பிறகு ஒரு கார் சர்வீஸ் நிலையம். இரண்டு இடத்திலும், "நீங்க ரொம்ப நல்லவர் சார், ஆனா..." என்று ஆரம்பித்து அனுப்பிவிட்டார்கள். அந்த 'ஆனா'வை யாரும் அவனுக்கு முடித்துச் சொன்னதில்லை.

எங்கள் சங்கக் கூட்டத்தில் செகரட்டரி ராஜாராமன் அவனை அறிமுகப்படுத்தினார். "மிலிட்டரி ஆளு. டிசிப்ளின் தானா வந்துடும்." நாங்கள் கைதட்டினோம். "ஏர்ஃபோர்ஸ் சார்," என்று தயாளன் மெதுவாகத் திருத்தினான். இன்றுவரை எல்லோருக்கும் அவன் மிலிட்டரிதான்.

3

இனி நடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை லிஃப்ட் சர்வீஸுக்கு தசரதன் வந்தார். இந்த வேலையில் இருபது வருஷம் ஊறியவர். தயாளன் தரையில் செய்தித்தாளை விரித்து, அவர் பையிலிருந்த சாமான்களையெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லி எண்ணினான். பதினேழு. நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினான். விமானப்படையில் அதுதான் வழக்கம். வேலை தொடங்கும் முன் எண்ண வேண்டும், முடிந்த பின்னும் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் அது உள்ளே எங்காவது சிக்கியிருக்கலாம்; கிடைக்கும்வரை அந்த விமானம் எழும்பாது, யார் காத்திருந்தாலும் சரி.

வேலை முடிந்து எண்ணினால் பதினாறு. பதிமூன்றாம் நம்பர் ஸ்பானரைக் காணவில்லை.

"காலையிலயே பதினாறுதான் இருந்திருக்கும் சார். அத போன சைட்டுல வுட்டுட்டு வந்துட்டேன் போல கீது," என்றார் தசரதன்.

"பதினேழுன்னு எழுதியிருக்கேன். நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க."

"நீங்க நீட்டுன எடத்துல போட்டேன். நான் எங்க சார் படிச்சேன்?"

இருவரும் லிஃப்ட் குழியில் இறங்கித் தேடினார்கள். பெட்டியின் தலைமேல் ஏறித் தேடினார்கள். மொட்டை மாடி மெஷின் ரூமைக் கவிழ்த்துப் போட்டார்கள். இல்லை. "லிஃப்ட் சோக்காத்தான் கீது, ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆவாது," என்று சொல்லிவிட்டு தசரதன் கிளம்பிப் போனார். தயாளன் மெஷின் ரூமைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

எங்களிடம் ஒரு ரிஜிஸ்டர் உண்டு. சர்வீஸுக்குப் பிறகு அதில் கையெழுத்து விழுந்தால்தான் லிஃப்ட் ஓடலாம். "நேரில் சோதித்தேன். பயணிக்கத் தகுந்தது" என்று ஒரு வரி. அதை இயற்றியவர் ராஜாராமன்தான். இதுவரை இருந்த சூப்பர்வைசர்கள் டீ குடித்துக்கொண்டே அதில் கிறுக்கிவிட்டுப் போவார்கள். ஸ்பானர் கிடைக்காமல் போடமாட்டேன் என்றான் தயாளன்.

4

நிம்மதியாகத் திட்டலாமென்றால் அதற்கும் வழியில்லை. இருபத்தெட்டு வீட்டுத் தண்ணீர் கேன்களையும் அவனே தோளில் ஏற்றுகிறான். அரிசி மூட்டை, காய்கறி, கேஸ் சிலிண்டர், எல்லாம் அவன்தான். நான் நான்காவது மாடியில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்துவிட்டான்.

"உக்காருங்க மேடம். வாட்ச்மேன கூப்புட்றேன், ரெண்டு பேருமா தூக்கிடுவோம்."

"நான் என்ன உற்சவ மூர்த்தியா? ஒரு கையெழுத்துப் போட்டுட்டா இந்தப் பேஜாரெல்லாம் வேணாமே!"

அவன் நாற்காலியை மடக்க முடியாமல் (மடங்காத நாற்காலி அது) கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். எனக்கு மண்டை காய்ந்தது.

"உண்மையச் சொல்லுங்க. காலையில எண்ணினப்போ பதினேழா, பதினாறா?"

நாற்காலியைக் கீழே வைத்தான். "எண்ணிக்கினு இருக்கும்போது வூட்லேர்ந்து ஃபோன் வந்துச்சு மேடம். எடுத்துப் பேசினேன். ஏர்ஃபோர்ஸ்ல எடுத்திருக்க மாட்டேன். பதினேழுன்னுதான் எழுதினேன். ஆனா பதினாறாவும் இருக்கலாம். தெரியல."

"தெரியாமத்தான் எங்க எல்லாரையும் படி ஏற விட்டீங்களா?"

"தெரியாததாலதான் மேடம்."

இந்தப் பதில் நான் எழுதியதல்ல, அவனே சொன்னது. எழுதியிருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

5

ஃபோன் செய்தது அவன் மனைவி ஹேமாவதி. இரும்புலியூரில் வீடு. இருபது வருஷம் வருஷத்துக்கு இரண்டு மாதம் மட்டும் விருந்தாளியாக வந்து போனவன், இப்போது நிரந்தரமாக வந்துவிட்டான். வந்த வாரமே சமையலறைச் சுவரில் ஒவ்வொரு கரண்டிக்கும் அதன் உருவத்தைப் பென்சிலால் வரைந்து ஆணி அடித்தான். எது தொலைந்தாலும் உடனே தெரிந்துவிடுமாம்.

(இந்த இடத்தில் அவளைக் கண்ணீர் விட வைத்து அரைப் பக்கம் எழுதினேன். நேற்று அவளே மதியச் சாப்பாட்டோடு நேரில் வந்துவிட்டதால், அந்த அரைப் பக்கத்தைக் கிழித்தேன்.)

மாடிப்படியில் என் கண்ணெதிரேதான் பேசினாள்.

"இன்னாய்யா, இதுவும் பூடுச்சா?"

"இன்னும் போகல."

"போச்சுன்னா வூட்லயே குந்திகினு காலைல ஒருவாட்டி, ராத்திரி ஒருவாட்டி என் கரண்டிய எண்ணுவ. சத்தியமா சொல்றேன், என்னால முடியாது. நான் எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தயாளனுக்கும் அது தெரியும். டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு, "அந்தச் சின்னக் கரண்டி கெடைச்சுதா?" என்றான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியிறங்கினாள். எனக்கு அவள்மேல் வந்த பாசத்துக்கு அளவில்லை.

6

முடிவு அ: ஸ்பானர் லிஃப்ட் தண்டவாளத்தின் இடுக்கில் கிடைக்கிறது. ராஜாராமன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு—

சீ. எழுதும்போதே கூச்சமாக இருந்தது.

முடிவு ஆ: ஸ்பானர் தசரதனின் ஸ்கூட்டர் டிக்கியில் கிடைக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். தயாளன் தலைகுனிந்து—

இது இன்னும் மோசம். தொலைந்த சாமான் எங்கே இருந்ததென்பதை வைத்து ஒரு மனிதனை நாயகனாக்குவதா, கோமாளியாக்குவதா? கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னபோது அது எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. அதனால் நான் அந்த ஸ்பானரைத் தேடப்போவதில்லை.

7

இன்னொன்றையும் இதுவரை உங்களிடம் மறைத்துவிட்டேன்.

இன்று காலை ராஜாராமன் வராந்தாவில் வைத்துச் சொன்னார்: "மிஸ்டர் தயாளன், நீங்க போடலைன்னா ரெசிடென்ட்ஸ்ல யாராவது போடட்டும். ரூல மாத்தியாச்சு. போட்டதும் சாவியக் குடுத்துட்டு நீங்க கெளம்பலாம்."

"சரி சார்," என்றான் தயாளன். "சாவி முப்பத்தொண்ணு இருக்கு. எண்ணி வாங்கிக்கினு கையெழுத்து போட்ருங்க."

ரிஜிஸ்டர் வீடு வீடாகக் கிளம்பியது. இரண்டாவது மாடிக்காரர், "நாங்க வாடகைதானே" என்றார். மூன்றாவது மாடி இன்ஜினியர், "நான் சிவில், இது மெக்கானிக்கல்" என்றார். "செகரட்டரியே போட்டா நல்லா இருக்காது," என்றார் ராஜாராமன். லிஃப்ட் வேண்டுமென்று வாட்ஸ்அப்பில் மூன்று நாளாகக் கத்தியவர்களில் ஒருவர்கூட அந்த வரியைப் படித்துவிட்டுப் பேனாவைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அது ஆறாவது மாடிக்கு வந்து சேர்ந்தது. கதை எழுதும் இந்த மேஜையில்தான் இருக்கிறது. 'நேரில் சோதித்தேன்' என்ற இடத்தில் இரண்டு முறை பேனாவை வைத்தேன். முழங்கால் போடு என்கிறது. போட்டால் அவனுக்கு வேலை போகும், ஹேமாவதி அம்மா வீட்டுக்குப் போவாள், நான் ஜம்மென்று லிஃப்டில் போவேன். போடாவிட்டால் நாளைக்கும் நூற்றெட்டுப் படி. எனக்கு எழுதத்தான் தெரியும், லிஃப்ட் தெரியாது. இவ்வளவு பக்கம் எழுதியதே அந்த ஒரு கையெழுத்தைத் தள்ளிப்போடத்தான்.

வெளியே மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கிறது. என் தண்ணீர் கேனாக இருக்கும்.

எரிச்சலாக இருக்கிறதா? நீங்களும் ஏழு பகுதி என்கூட ஏறி வந்திருக்கிறீர்கள், கால் வலிக்கும். தசரதன் சொன்னதையும் கேட்டீர்கள், தயாளன் சொன்னதையும் கேட்டீர்கள். ரிஜிஸ்டரை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். இந்தாருங்கள் பேனா. நீங்கள் போடுங்களேன்.

நேரில் சோதித்தேன். பயணிக்கத் தகுந்தது.

கையெழுத்து: ........................