பூனை முகத்தில் ஒரு சோற்றுப் பருக்கை

வியாழக்கிழமை காலையிலிருந்து மூன்று தரம் தேத்தண்ணீர் போட்டேன், மூன்று தரமும் குடிக்க மறந்துபோனேன். சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பிறம்ரனிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் எழுநூறு டொலரோடு வருவதாக இருந்தார். அவர் வாங்கப்போகும் சாமான் என் மேசையில் இருந்தது. அதை நான் என் சிநேகிதி புனிதவதியிடம் நாற்பது டொலருக்கு வாங்கியிருந்தேன். இப்படிச் சொன்னால் நான் கள்ளி மாதிரித் தெரிவேன். அதனால் கொஞ்சம் பின்னுக்குப் போகிறேன்.

நான் பழைய ஹலோவீன் சாமான் சேர்க்கிறவள். ஒரு காலத்தில் வீடுகளுக்குத் துப்பரவு வேலைக்குப் போனேன். அப்படிப் போன ஒரு வீட்டில் சூனியக்காரி படம் போட்ட தகரக் கிலுகிலுப்பை ஒன்றைக் குப்பைக்கு வைத்திருந்தார்கள். கேட்டு எடுத்து வந்தேன். அதற்கு எண்பது டொலர் தருவேன் என்று ஒருத்தி சொன்ன அன்று பிடித்தது இந்த விசர். இப்போது வோபர்னில் எங்கள் அப்பார்ட்மென்ற் அறை ஒன்று முழுக்கக் கடதாசி எலும்புக்கூடும் வௌவாலும்தான். செபமாலையும் அங்கேதான் சொல்லுகிறேன். கோயிலில் சிலருக்கு அது பிடிக்காது, எனக்கும் அவர்கள் வைக்கிற பிளாஸ்ரிக் பூ பிடிக்காது.

சேர்க்கிறவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. சாமானைப் படம் எடுத்துப் போட்டு விலை கேட்பார்கள். மக்டலீன் சொன்னால் சரி என்று எழுதுகிற அளவுக்கு அங்கே எனக்குப் பெயர். வெடிப்பு இருக்கலாம், துருக் கறல் இருக்கலாம், ஊத்தை இருக்கலாம். ஆனால் பிறகு ஒருவர் கைவைத்துப் புதுப்பித்திருந்தால் விலை விழுந்துவிடும். அதைப் பார்க்க என்னிடம் ஊதா லைற் ஒன்று இருக்கிறது. இருட்டில் பிடித்தால் இந்தக் காலத்துக் கடதாசி நீலமாக மினுங்கும். தொண்ணூறு வருஷத்துக் கடதாசி மினுங்காது, செத்துக் கிடக்கும்.

புனிதவதியும் நானும் ஒரே தொழிற்சாலையில் பதினாலு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று போத்தல் மூடி பொறுக்கினவர்கள். அவள் வீடு அஜின்கோர்ட்டில். செவ்வாய்க்கிழமை ஒரு அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மக்டலீன், உதுக்கு என்ன விலை வரும் எண்டு ஒருக்காப் பாரும். வீடு வாங்கேக்கையே பேஸ்மென்றில கிடந்தது. உடுப்புக் கிளிப் போட்டு வைச்சிருந்தனான்."

பைக்குள் ஒரு கறுப்புப் பூனையின் தலை. தேங்காய் அளவு, மட்டையில் செய்தது, தூக்குவதற்குக் கம்பிப் பிடி. உள்ளே மெழுகுதிரி வைக்கிற விளக்கு. வெட்டிய கண்ணுக்கும் வாய்க்கும் பின்னால் சிவப்பு ரிசுப் பேப்பர், பட்டம் கட்டுகிற மாதிரி மெல்லிய கடதாசி, ஒட்டியிருந்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டு லைற்றைப் பூனையின் கண்ணில் பிடித்தேன். நீலமாக மினுங்கியது.

"போலி, புனிதம். இப்ப செய்யிற சாமான். நாப்பது டொலர் வரும்."

"நாப்பதோ! நான் குப்பையில போடப் பாத்தனான். நீரே எடும்."

எடுத்தேன். அந்தக் காசுக்கு ஆட்டிறைச்சி வாங்கினாளாம், பின்னேரம் போனில் சொன்னாள்.

புதன்கிழமை, சிவப்பை எடுத்துவிட்டு வேறு வடிவான கடதாசி ஒட்டுவோம் என்று ஈரத் துணியால் ஒத்தினேன். பேப்பர் கழன்று வந்தது. கண்ணின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். காய்ந்த சோற்றுப் பருக்கை.

கதிரையில் இருந்துவிட்டேன். எங்கள் வீட்டில் நத்தார்க் கூட்டுக்கு, அதுதான் கிறிஸ்மஸ் கடதாசி விளக்குக்கு, ரிசுப் பேப்பர் ஒட்டுவது சோறு மசித்துத்தான். தொழிற்சாலையில் போலி செய்கிறவனுக்குப் பசை வாளியில் வரும், அவன் மத்தியானச் சோற்றை எடுத்து ஒட்டமாட்டான். இது புனிதத்தின் கைவேலை. அப்படியென்றால் கண்தான் புதிது, பூனை?

லைற்றைப் பூனையின் உடம்பில் பிடித்தேன். ஒரு மினுக்கமும் இல்லை. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில், கறுப்புக்குக் கீழே மங்கலாக ஜேர்மனி என்று முத்திரை. யுத்தத்துக்கு முன்னால் அங்கே செய்த சாமானுக்குத்தான் பெரிய விலை. செவ்வாய்க்கிழமை இதே லைற்றை இன்னும் இரண்டு அங்குலம் கீழே பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

அப்போதே புனிதத்துக்குப் போன் எடுத்திருக்க வேண்டும். கை சும்மா இருக்கவில்லை, படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பத்து நிமிஷத்தில் பிறம்ரன்காரர் எழுநூறு என்றார். நான் ஓம் என்று எழுதினேன். அந்த ஓமை எழுதினது யார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

என்னுடைய மனிசன் அருள்நாயகம் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் அறைக்கும் குசினிக்கும் நடந்த நடையில் அவருக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும்.

"இஞ்சரும், அவ விலை கேட்டவ. நீர் சொன்னனீர். அவ தந்தவ. முடிஞ்சுதெல்லே?"

"என்னை நம்பியெல்லோ கேட்டவ."

"அப்ப காசைக் குடும்."

"எழுநூறையுமோ?"

"அப்ப குடுக்காதையும்."

"உங்களிட்ட ஆர் கேட்டது?"

"கேட்டுக்கொண்டுதானே நடக்கிறீர்."

வியாழன் முழுக்க மூன்று தரம் புனிதத்துக்குப் போன் எடுத்தேன். முதல் தரம் முழங்கால் நோ எப்படி என்று கேட்டேன். அடுத்த தரம் முருங்கைக்காய் என்ன விலை என்றேன். மூன்றாம் தரம் திரும்பவும் முழங்கால். வீட்டு இன்சூரன்ஸ் பேப்பரில் நான் விரல் வைத்த இடத்தில் வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறவள் அவள். சொன்னால், தெரிந்துகொண்டுதான் நாற்பது சொன்னேன் என்று நினைப்பாளோ? சொல்லாமல் விட்டு வேறு யாராவது சொன்னால்? இருபத்தைந்து வருஷச் சிநேகிதத்தை எழுநூறு டொலருக்கு வித்த கதையாகிவிடும்.

வெள்ளிக்கிழமை பூனையை ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் துணி சுற்றி வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எப்படிச் சொல்லுவது என்று யோசித்து யோசித்து இறங்கும் இடத்தை விட்டுவிட்டேன். இரண்டு தரிப்புத் திரும்பி நடந்தேன்.

புனிதம் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். "என்ன, சொல்லாமக் கொள்ளாம? முழங்கால் பாக்க வந்தனீரோ?"

"பூனைக்குக் கண் ஒட்டினது நீர்தானே?"

"ஓம். கண் கிழிஞ்ச முகத்தை வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறதே? பேத்தியின்ர பள்ளிக்கூட வேலைக்கு வாங்கின ரிசு மிஞ்சிக் கிடந்தது. பசை இல்லை, சோத்தை மசிச்சு ஒட்டினன். ஏன், வடிவில்லையே?"

"பழைய கண் எங்க?"

"அந்த ஊத்தைப் பேப்பரோ? அது அப்பவே குப்பையில போட்டிட்டன்."

அந்த ஊத்தைப் பேப்பர் மட்டும் முந்நூறு டொலர் பெறும். மேசையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றுப் பருக்கை, ஜேர்மனி, லைற், பிறம்ரன், எழுநூறு. அவள் வெட்டுவதை நிறுத்தினாள்.

"அப்ப எழுநூறு பெறுற சாமானுக்கு எனக்கு நாப்பது தந்தனீர்."

"எனக்கு அப்ப தெரியாது, புனிதம். மாதாவாணை, கண்ணை மட்டும்தான் பாத்தனான்."

"எப்ப தெரிஞ்சது?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்தது. "புதன்கிழமை."

"இண்டைக்கு வெள்ளி."

"ஓம்."

"அப்ப நேற்று முழுக்கச் சும்மாதான் என்ர முழங்காலை விசாரிச்சனீர்."

நான் ரின்னைத் திறந்து பூனையை அவள் முன்னால் வைத்தேன். "உம்மட சாமான். நாளைக்கு அந்த மனுசன் வரட்டும், நீரே குடுத்துக் காசை வாங்கும். எனக்கு ஒரு சதமும் வேண்டாம்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பூனையைத் தூக்கி வெறுமையான கண் ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்தாள்.

"கண்ணையும் பிடுங்கிப்போட்டுக் கொண்டந்திருக்கிறீர்."

எழும்பிப்போய் லாச்சிக்குள்ளிருந்து சிவப்பு ரிசுவை எடுத்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். சோற்றுப் பானையைத் திறந்தாள்.

"ஐயோ, ஒட்டாதையும்! பழையபடி ஒட்டினா நூறு டொலர் குறையும்!"

"ஆருக்குக் குறையும்? நான் விக்கேல்ல."

"எழுநூறு, புனிதம்!"

"நீர் விலை சொல்லி நான் கேட்டது காணும், இனிப் போதும்." கண்ணுக்கு அளவு எடுத்துக்கொண்டே சொன்னாள். "ஹலோவீனுக்கு வாசல் ஜன்னலில வைக்கப்போறன்."

"மெழுகுதிரி வைச்சிடாதையும். பத்திப்போம்."

"மெழுகுதிரிக்குத்தானே செய்தவங்கள்?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சாமியறைக்குப் போய், திரி விளக்குக்குக் கூரையில் உள்ள புகை அபாய மணி கத்துகிறது என்று சரஸ்வதி படத்துக்கு வாங்கிவைத்திருந்த பற்றறி விளக்கில் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"அந்த நாப்பது டொலர்..." என்று தொடங்கினேன்.

"அது தரமாட்டன். நீர் சொல்லாம வைச்சிருந்த ரெண்டு நாளுக்கு அது."

பைக்குள் போன் அடித்தது. பிறம்ரன்காரராகத்தான் இருக்கும். நான் எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன சொல்லுவது? இருக்கவும் முடியவில்லை, எழும்பிப் போகவும் முடியவில்லை.

புனிதம் ஒரு கிண்ணத்தில் இரண்டு கரண்டிச் சோறு போட்டு என் பக்கம் தள்ளினாள்.

"சும்மா நிக்காதையும். உந்தச் சோத்தை மசியும்."

புதுப்பித்த சாமானைக் கையால் தொடமாட்டேன் என்று குழுவில் எத்தனை தரம் எழுதியிருப்பேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். சோறு இன்னும் சூடு. விரலால் அமத்தி அமத்தி மசித்தேன்.

"நல்லா மசியும்," என்றாள் புனிதம், கண்ணை வெட்டிக்கொண்டே. "பருக்கை ஒண்டும் தெரியக் கூடாது. பிறகு ஆராவது கண்டுபிடிச்சிடுவினம்."