வலது மூக்கு

தாய்லாந்தின் கோராட் பஸ் நிலையத்து மருந்துக்கடை முன்னால் விலாய் மூன்றாவது தடவையாக வந்து நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய சொட்டு மருந்து இருந்தது. பதினோரு வருஷ உறவு. ஆரம்பத்தில் இரண்டு சொட்டு விட்டால் வேலையிடத்தில் பகல் முழுக்க மூக்கு திறந்திருக்கும், வீடு திரும்புவதற்குள் அடைத்துவிடும். போகப் போக அரை மணி நேரம்தான். பிறகு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். அந்த மருந்தே மூக்கை வீங்க வைக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன அன்றே நிறுத்தினாள். இன்று ஒன்பதாவது நாள். இரு வேளையும் உப்புத் தண்ணீரால் கழுவுகிறாள், புது ஸ்பிரே அடிக்கிறாள், ஊரே மூக்கில் செருகிக்கொண்டு திரியும் யாதோம் தைலக் குச்சியையும் விடாமல் உறிஞ்சுகிறாள். மூக்கு மசிவதாக இல்லை. "நடுவுல ஒரு சொட்டு விட்டாலும் பழையபடி ஒண்ணாம் நாள்தான்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பத்தரை மணி பஸ்ஸில் மகள் துக்தா தெற்குக் கோடியில் இருக்கும் ஹாட்யாய் போகிறாள். ஓட்டல் வேலை. இனி சொங்க்ரான் பண்டிகைக்குத்தான் லீவு, அதற்கு இன்னும் ஏழு மாசம் கிடக்கிறது. நேற்று சாயங்காலம் பெட்டி கட்டும்போது பேச்சுவாக்கில் ஒன்று சொல்லிவிட்டாள்.

"அம்மா, ஒரு நாளாவது நீ என்னை நெஜமா மோந்திருக்கியா? சும்மா மூக்கை வச்சு எடுத்துடுவ. எதிர்வீட்டு அத்தை மோந்தா சர்ருனு சத்தம் வரும், கன்னமே உள்ள போயிடும். என்னை உனக்குப் பிடிக்கலைன்னே சின்ன வயசுல நெனச்சுப்பேன்."

"அடி லூசு. மூக்கடைச்சவ எப்படிடி இழுப்பா?"

"இப்பத் தெரியுது. அப்பத் தெரியலையே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். விலாய்க்குச் சிரிப்பு வரவில்லை. கன்னத்தில் மூக்கை அழுத்தி மூச்சை உள்ளே இழுப்பதுதான் அந்த ஊர்க்காரர்களுக்கு முத்தம். உதட்டுக்கு அங்கே வேலையே இல்லை, பாசமெல்லாம் இழுக்கிற சத்தத்தில்தான். இருபது வருஷமாகப் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் துணித்தூசியைத் தின்ற மூக்கை ஒற்றி ஒற்றியே அவள் பிள்ளையை வளர்த்து ஒப்பேற்றியிருக்கிறாள். குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது என்று நினைத்ததை எண்ணி எண்ணி விடியும்வரை புரண்டாள்.

மணி பத்தேகால். விலாய் மருந்தை வாங்கிவிட்டாள். மூடியைத் திருகும்போது துக்தா பார்த்துவிட்டாள்.

"ஐயோ, ஒன்பது நாள் பட்ட பாடு என்னாகுறது? நான் சும்மா சொன்னேம்மா."

"சும்மா சொன்னதுதான்டி குத்துது."

விலாய் நடைமேடையின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக இரண்டு நடை நடந்தாள். கை மூடியைத் திருகுவதும் மூடுவதுமாக இருந்தது. திடீரென்று புட்டியை மகள் கையில் திணித்துவிட்டு, பக்கத்து பெஞ்சில் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டாள். தூக்கம் வராத இரவுகள் கற்றுக்கொடுத்த வித்தை அது. இடது பக்கம் படுத்தால் கொஞ்ச நேரத்தில் வலது மூக்கு மட்டும் லேசாகத் திறக்கும். எழுந்தால் மூடிக்கொள்ளும்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர் பதறித் தன் சோற்றுக்கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"எழுந்திரும்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் துக்தா.

"பாக்கட்டும். பாக்குறதுக்கு டிக்கெட்டா போட்டிருக்கு?"

படுத்த இடத்திலிருந்து மகளின் புது ஷூ மட்டும் தெரிந்தது. ஹாட்யாய், ஹாட்யாய் என்று கண்டக்டர் கத்தினான். விலாயின் கால்விரல்கள் நிலைகொள்ளாமல் ஆடின. மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பஸ் உறுமத் தொடங்கியது. அப்போது வலது பக்கம் ஊசிக்காது அளவுக்குக் காற்று நுழைந்தது. இன்னும் கொஞ்சம்.

துள்ளி எழுந்து ஓடினாள். படியில் ஒரு காலை வைத்துவிட்டிருந்த மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வலது மூக்கைக் கன்னத்தில் புதைத்து இழுத்தாள். சர்ரென்று சத்தம் வந்தது. பவுடர், வேர்வை, காலையில் தின்ற பூண்டு. அதற்கெல்லாம் அடியில் பெயர் தெரியாத ஒரு வாசனை. இத்தனை வருஷம் தன் வீட்டிலேயே இருந்திருக்கிறது. விலாய்க்கு அழுகை முட்டியது. அழுதால் மூக்கு அடைத்துக்கொள்ளும் என்று பல்லைக் கடித்தாள்.

"ஏறும்மா, நேரமாச்சு" என்றான் கண்டக்டர்.

துக்தா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அடைச்சுக்கிச்சா?"

"இன்னும் இல்ல. சீக்கிரம்."

துக்தா படியில் வைத்த காலைக் கீழே இறக்கினாள். பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, மற்றக் கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.