அரிசி விழாத உலை

தங்கை போனில் இரண்டு தடவை இருமினாள். இருமிவிட்டுப் பேசினால் அவள் நல்ல சேதி சொல்லமாட்டாள் என்று கரண்டியக்காவுக்குத் தெரியும். கூடப் பிறந்தவள் அல்லவா.

"அக்கா, தப்பா எடுத்துக்காத."

"எப்படி எடுத்துக்கறதுன்னு விஷயத்தைச் சொன்னாத்தானே தெரியும்."

"பாப்பா கல்யாணச் சமையலுக்கு வேற ஆளைச் சொல்லிட்டோம். மாப்பிள்ளையோட அம்மா தயங்கறாங்க."

"எதுக்குத் தயங்கறாங்க? என் சமையல்ல அவங்க ஒரு வாய் தின்னதில்லையே."

"அதான்க்கா. உன் வீடியோ ஒண்ணு சுத்துதாம். நீ கரண்டியும் கையுமா சிரிச்சுக்கிட்டு நிக்கறே. சாப்பிட உக்காந்த ஒரு பொண்ணு, 'இந்த அக்காவுக்கு மனசு இருக்கு, கைதான் இல்ல, குழம்பு பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு'ன்னு சொல்லுது. நாலு லட்சம் பேர் பாத்திருக்காங்க."

கரண்டியக்கா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

சுற்றுவட்டாரத்தில் இருநூறு பேருக்கு மேல் பந்தி என்றால் இருபத்தாறு வருடமாக அவள் கரண்டிதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. தங்கை மகளுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து சோறு குழைத்து ஊட்டிய கையும் அதே கைதான். அந்தக் குழந்தையின் கல்யாணத்துக்கு என்னென்ன சமைப்பது என்று இரண்டு வருடமாக மனசுக்குள் பட்டியல் போட்டு, அடித்து, திருத்தி வைத்திருந்தாள். இப்போது அந்தக் கைதான் இல்லை என்கிறார்கள்.

அந்தக் குழம்பை அவள் வைக்கவில்லை. அதுதான் விஷயம்.

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில், யாரும் எட்டிப் பார்க்காமல் கிடந்த மாவட்டம் அது. ஆறு மாதத்துக்கு முன் ஒரு சுற்றுலாக் கம்பெனி அதைக் கண்டுபிடித்தது. காலையில் அருவி, பதினோரு மணிக்கு இடிந்த கோட்டை, மதியம் 'கிராமத்து வீட்டுச் சாப்பாடு', சாயங்காலம் ஏரி. மதியத்துக்கு இவள் வீட்டைக் கேட்டு வந்தவன் கம்பெனியின் வழிகாட்டி. குளித்தாலும் தலையிலிருந்து எடுக்கமாட்டானோ என்கிற மாதிரி எப்போதும் ஒரு தொப்பி. ஊர் அவனைத் தொப்பி என்றே கூப்பிட்டது.

முதல் வாரம் அவள்தான் சமைத்தாள். வந்தவர்கள் விரலைச் சூப்பிவிட்டுப் போனார்கள். இரண்டாம் வாரம் வேனில் பெரிய பெரிய சூட்டுப் பெட்டிகள் வந்து இறங்கின.

"கம்பெனி ரூல்க்கா. எல்லாச் சாப்பாடும் டவுன்ல ஒரே கிச்சன்ல இருந்துதான் வரணுமாம். நீங்க பரிமாறினாப் போதும்" என்றான் தொப்பி.

"யாரோ சமைச்சதுக்கு நான் எதுக்கய்யா கரண்டியைப் பிடிக்கணும்?"

"வீடு உங்களுது, சிரிப்பு உங்களுது. அதைப் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வர்றாங்க."

ஒவ்வொன்றாக மாற்றினான். ஃப்ரிட்ஜுக்குப் போர்வை போர்த்தினான். கேஸ் அடுப்பு இருந்த சமையலறைக் கதவைச் சாத்தச் சொன்னான். முற்றத்தில் மூன்று கல்லை வைத்து, விறகு மூட்டி, அண்டா நிறையத் தண்ணீர் ஊற்றி மூடிவைக்கச் சொன்னான். போட்டோவுக்குப் புகை வேண்டுமாம். வந்தவர்கள் அண்டாவைப் படம் பிடித்துவிட்டு, உள்ளே போய்ப் பெட்டிச் சோற்றைத் தின்றார்கள்.

இவளும் சம்மதித்தாள். மூட்டு வலி ஒரு பக்கம், வீடு நிறைய ஆள் பேச்சு என்கிற ஆசை ஒரு பக்கம். யாரோ சமைத்தது, நன்றாயிருந்தால் என்ன, இல்லாவிட்டால் நமக்கென்ன என்று நினைத்தாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

தொப்பியும் வேன் டிரைவரும் மட்டும் பெட்டிச் சோற்றைத் தொடமாட்டார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால், சமையலறையில் உட்கார்ந்து, அவள் தன் வீட்டுக்கு வைத்ததைத் தின்பார்கள். "அக்கா, இந்தக் குழம்புக்கு ஒரு ஊரையே எழுதிவைக்கலாம்" என்பான் தொப்பி, தட்டை மறுபடி நீட்டிக்கொண்டே.

போனை வைத்ததும் அவள் கணவர் எட்டிப்பார்த்தார். பம்பு மோட்டார் பழுது பார்க்கிறவர். கையெல்லாம் கிரீஸ், வாயெல்லாம் சமாதானம்.

"இன்னிக்கு வண்டி வருமே. வந்தவங்ககிட்ட எதுவும் கோவிச்சுக்காத."

"வந்தவங்க மேல எனக்கென்னங்க கோவம்? அவங்க தின்னதைத்தான் சொல்லியிருக்காங்க."

"அப்புறம் ஏன் அந்த அண்டாவை அப்படிப் பாக்கறே?"

பன்னிரண்டரைக்கு வண்டி வந்தது. பதினெட்டுப் பேர். எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துவிட்டுத் தொப்பி தொண்டையைச் செருமினான்.

"இது நூறு வருஷத்து வீடு."

வீடு கட்டிப் பத்தொன்பது வருடம். அதற்குச் சிமெண்டு மூட்டை சுமந்த அவள் கணவர் வாசலில் நின்று காதைச் சொறிந்தார்.

"அக்கா விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து, ஆத்துல தண்ணி எடுத்து, காட்டுல விறகு பொறுக்கி, உங்களுக்காகவே தன் கையால..."

"நான் எழுந்தது ஆறரைக்கு" என்றாள் கரண்டியக்கா.

கூடம் சிரித்தது. தொப்பியும் சிரித்தான். "அக்கா இப்படித்தான், தமாஷா பேசுவாங்க."

"தமாஷை நான் இன்னும் ஆரம்பிக்கல. எல்லாரும் ஒரு நிமிஷம் முற்றத்துக்கு வாங்க."

எழுந்து வந்தார்கள். புகைக்கு நடுவே அண்டாவின் மூடியைத் தூக்கினாள். ஆவி அடங்கியதும் கைத்தடி வைத்திருந்த ஒரு பெரியவர் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, வெறும் தண்ணியா இருக்கு?"

"உலைங்க சார்" என்று முந்திக்கொண்டான் தொப்பி. "இனிமேதான் அரிசி போடுவாங்க."

"ஆறு மாசமா இந்த உலை கொதிக்குதுங்க. இன்னும் அரிசி விழல" என்றாள் கரண்டியக்கா. "நீங்க சாப்பிடப் போற சோறு அந்த வேன்ல இருக்கு. வாங்க, அதையும் பாத்துடுங்க."

வேனின் பின்கதவு திறந்தே இருந்தது. பெட்டியின் மேல் டவுன் ஓட்டலின் சீட்டு. கட்டிய நேரம், காலை ஏழு மணி. பெரியவர் அதை உரக்கப் படித்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"அக்கா" என்று ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "நீங்க மூடியைத் திறந்தது சரியா பதிவாகல. அதே கோவத்தோட இன்னொரு தடவை திறக்கறீங்களா?"

"கோவம் என்ன தண்ணிக் குழாயாம்மா, வேணுங்கறப்ப திருகிவிட? இந்தப் பெட்டியை எடு. சீட்டு நல்லாத் தெரியட்டும். போன தடவை என் மூஞ்சியைப் போட்டாங்க, இந்தத் தடவை இதைப் போடு."

தொப்பி அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அக்கா, எதுவா இருந்தாலும் நம்மளுக்குள்ள பேசிக்கலாம்க்கா. உள்ள வாங்க."

"உள்ளதான் ஆறு மாசமா பேசினோம். இன்னிக்கு வெளிய பேசுவோம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த வீட்டுல தினமும் மதியம் நீ எதைத் தின்னே?"

தொப்பி வேன் டயரைப் பார்த்தான். பதில் டிரைவரிடமிருந்து வந்தது.

"அக்கா சமைச்சதைத்தான் தின்னோம்."

"ஏன், இவ்வளவு பெட்டி வருதே. அதுல தின்னா என்ன?"

"அதை வாயில வைக்க முடியாதுக்கா" என்றார் டிரைவர். சொன்ன பிறகுதான், சுற்றி நின்றவர்கள் காதிலும் அது விழுந்தது என்று அவருக்கு உறைத்தது.

"கேட்டியா தொப்பி? வாயில வைக்க முடியாததுன்னு தெரிஞ்சுதான் அதை என் கையால போட வச்சே. அந்த வீடியோவைப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"எப்ப?"

"வந்த அன்னிக்கே. போன ஞாயித்துக்கிழமை."

"அன்னிக்கு மீன் குழம்பு. ரெண்டு தடவை வாங்கித் தின்னே. என் கை எப்படின்னு உன் நாக்குக்குத் தெரியும். நாலு லட்சம் பேர்ல ஒருத்தருக்காவது, அது இந்த அக்கா வச்ச குழம்பு இல்லைன்னு நீ சொல்லலாமில்ல? வாயில சோறு இருந்துச்சா?"

தொப்பி தொப்பியைக் கழற்றினான். ஆறு மாதத்தில் முதல் தடவை. நடு மண்டையில் முடி இல்லை. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"வந்து உக்காரு" என்று அவனைக் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். பெட்டியைத் திறந்து, தட்டு நிறையச் சோறு போட்டு, குழம்பை ஊற்றினாள். "தின்னு. எத்தனை தடவை வேணும்னாலும் கேளு, போடறேன்."

அவன் நாலு வாய் தின்றான். ஐந்தாவது வாய் கையிலேயே நின்றது.

சாத்தியிருந்த கதவு இப்போது திறந்து கிடந்ததால், உள்ளேயிருந்து தாளித்த வாசனை கூடத்துக்கு வந்தது. போன் பெண் மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, அது உங்க சமையலா? ஒரு வாய் குடுங்களேன். நல்லாயிருக்குன்னு நாங்க சாட்சி சொல்றோம்."

"இது எனக்கும் அவருக்கும் வச்சது. சாட்சி சொல்ல எனக்கு ஆள் இருந்தாங்கம்மா. தின்னுட்டு வாயைத் துடைச்சுக்கிட்டாங்க. நீங்க ஏரியைப் பாத்துட்டு நல்லபடியா ஊர் போய்ச் சேருங்க. நாளையிலேர்ந்து இந்த வாசல்ல வண்டி நிக்காது."

பதினெட்டுப் பேரும் பெட்டிச் சோற்றைத் தொடாமல், பையிலிருந்த பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே வண்டி ஏறினார்கள். கணவர் விறகை இழுத்துப் போட்டு அடுப்பை அணைத்தார். "கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்" என்று அடுப்பிடம் சொன்னார். அவளிடம் சொல்லவில்லை.

ஐந்து மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். இந்தத் தடவை இருமல் இல்லை.

"அக்கா, புது வீடியோ பாத்தோம். நீ அண்டா மூடியைத் திறக்கறது லேசா ஆடுது, ஆனா பெட்டி நல்லாத் தெரியுது. மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் பாத்துட்டாங்க. சம்பந்தியம்மா இங்கதான் இருக்காங்க. அக்காவே சமைக்கட்டும்னு அவங்களே சொல்லிட்டாங்க."

"அவங்க சொன்னது இருக்கட்டும். நீ என்ன சொன்னே?"

"நானா? எப்பக்கா?"

"அவங்க தயங்கினப்ப. பிறந்ததுலேர்ந்து பாதி நாள் நீ என் கையால தின்னவ. உன் பொண்ணு முழுசா என் கையால வளந்தவ. அந்தக் குழம்பைப் பாத்ததும் உனக்குத் தெரியலையா, அது நான் வச்சது இல்லைன்னு?"

"நிறத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுதுக்கா" என்றாள் தங்கை, மெதுவாக. "பொண்ணைக் குடுக்கற இடம். எதிர்த்துப் பேச வாய் வரல."

தொப்பி பரவாயில்லை, வெளியாள் என்று தோன்றியது கரண்டியக்காவுக்கு. சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"நான் வந்து சமைக்கறேன். பாப்பாவுக்காக. ஆனா வீடியோ பாத்து யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம். உனக்குத் தெரிஞ்சதை உன் வாயால சம்பந்தியம்மாகிட்ட சொல்லு. இப்பவே. போனை வைக்காத, நான் கேக்கணும்."

"இப்பவேவா? அவங்க காபி குடிச்சுக்கிட்டு இருக்காங்க."

"குடிக்கட்டும். காதுலயா குடிக்கறாங்க?"

நாற்காலி நகர்ந்தது. டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் தங்கையின் குரல், தூரத்திலிருந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. "சம்பந்தியம்மா, அன்னிக்கே சொல்லியிருக்கணும். எங்க அக்கா சமையல்..."

"சத்தமா" என்றாள் கரண்டியக்கா.