மாமியாருடைய பேர்

காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணி நல்லையா "கலாராணி" என்று கூப்பிட்டால், "இருக்கேங்க" என்று தனுஜாதான் சொல்வாள். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மடுல்சீமைக்கு மேலே, பஸ் எட்டிப்பார்க்காத அந்தத் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. கலாராணி தனுஜாவின் மாமியார். தோட்டம் கொடுத்த லயத்து ஒற்றைக் காம்பராவில் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி இருமிக்கொண்டிருப்பாள். அவளுடைய பேர் மட்டும் தினமும் மலைக்குப் போய் வரும்.

இதைக் கள்ளத்தனம் என்று யாரும் நினைக்கவில்லை. கலாராணிக்கு மூச்சுமுட்டல் வந்த வருடம் பார்த்துத்தான் தோட்டத்தில் புதிதாகப் பேர் பதிவதை நிறுத்தித் தொலைத்தார்கள். இனி வருகிறவர்களுக்கு எல்லாம் கொந்தரப்புத்தான். பறித்த கொழுந்துக்குக் காசு, அதோடு சரி. லீவு கிடையாது, சேமலாப நிதி கிடையாது, காம்பராவும் கிடையாது. பதிந்த பேர் ஒன்றாவது இருக்கிற குடும்பம்தான் லயத்தில் இருக்கலாம். தனுஜாவின் புருஷன் தயாபரன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். அவனுக்குத் தோட்டத்தில் பேரே இல்லை. ஆக, கலாராணியின் பேரை வெட்டினால் சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். அதனால், செடி குத்தாமல் இடுப்பில் சுற்றுகிற மாமியாருடைய படங்கை எடுத்துக் கட்டிக்கொண்டதுபோலவே, தனுஜா மாமியாருடைய பேரையும் எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

கணக்கப்பிள்ளை புவனேந்திரனும் தெரிந்தேதான் விட்டார். அந்த மனுசனுக்குக் கொழுந்து வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். தராசில் கார்டை வைத்தால் மெஷினில் கலாராணி என்று விழும். பெரிய துரைக்கோ, தலையில் துண்டு போட்ட பொம்பளைகள் எல்லோரும் ஒரே ஆள்தான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் தனுஜா உண்டானாள்.

கல்யாணமான புதிதில் ஒன்று கலைந்து, பிறகு வருடக்கணக்காக ஒன்றுமே தங்காமல், சனம் இவளை நல்லது கெட்டதுக்குக் கூப்பிடக்கூட யோசிக்க ஆரம்பித்திருந்தது. கலாராணி சந்தோசத்தில் இருமக்கூட மறந்துபோனாள். "யாருகிட்டயும் மூச்சு விட்றாத புள்ள, கண்ணு பட்டுரும்" என்று, வயிறு தானாகத் தெரிகிறவரை வாயைக் கட்டி வைத்திருந்தாள். தெரிந்த அன்றைக்கு மலையில் ஒரே சிரிப்பு.

"என்னா கலாராணியக்கா, இந்த வயசுல இது என்னா கூத்து?" என்றாள் பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த தனலெட்சுமி. தனுஜாவும் சேர்ந்துதான் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வயிறு தெரிந்தவளைச் செங்குத்து மலைக்கு அனுப்புவதில்லை. அது அந்தத் தோட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிற வழக்கம். லயத்துக்குக் கீழே நாற்றுமேடையில் உட்கார வைத்து, பைகளில் மண் நிரப்பச் சொல்வார்கள். தனுஜா அதைத்தான் கேட்டாள்.

"கங்காணியாரே, எனக்கு நாத்துமேடையில வேல போட்டுக் குடுங்க. கூடைய மாட்டுனா அடிவயிறு இழுக்குது."

நல்லையா காதைச் சொறிந்தார். கெட்ட மனுசன் இல்லை, பயந்த மனுசன். "நான் போட்டுருவேன் புள்ள. ஆபிசுல கேப்பாங்களே, என்னா சொல்றது? ஐயாகிட்ட ஒரு வார்த்த கேட்டுரு."

புவனேந்திரனிடம் கேட்டால் அவர் சிரிக்கிறார். "கலாராணிக்கு என்னா வயசு தெரியுமா? அம்பத்தேழு. அம்பத்தேழு வயசுப் பொம்பள புள்ளத்தாச்சின்னு நான் எழுதி அனுப்புனா, துரை என்னையத் தூக்கி அங்கொட பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாரு."

"அப்ப எம் பேர்ல பதிஞ்சிருங்கய்யா."

"பதிவ நிப்பாட்டியாச்சு. வேணும்னா கொந்தரப்புக்கு வா. கொந்தரப்புல லேசு வேல, பார வேலன்னு ஒன்னும் இல்ல. காம்பராவும் இல்ல, பாத்துக்க."

"நான் என்னாங்கய்யா செய்யட்டும்?"

"பேருக்குச் சொந்தக்காரிய வரச் சொல்லு."

அவர் எகத்தாளமாகத்தான் சொன்னார். கலாராணி அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். மறுநாள் விடிந்ததும் படங்கைச் சுற்றி, கூடையை மாட்டி, "இன்னைக்கு நானே போறேன், நீ படு" என்று கிளம்பிவிட்டாள். எட்டாம் நம்பர் மலையில் பாதி ஏறுவதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. தனலெட்சுமியும் இன்னொருத்தியும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து காம்பரா வாசல் இஸ்தோப்பில் உட்கார வைத்தார்கள். கலாராணி அழுதாள். "எம் பேர நானே தூக்க முடியலையே புள்ள" என்று அழுதாள். தனுஜா அந்தப் படங்கை அவிழ்த்து எடுத்துக்கொண்டாள்.

பதுளையிலிருந்து வந்து கிளினிக் பார்க்கிற மருத்துவமாது ஜெனீரா மிஸ்ஸுக்கு இதைக் கேட்டதும் கோபம் வந்தது. நல்ல பொம்பளை, பாவம்.

"சட்டம் இருக்கு தனுஜா. வயித்துல புள்ளைய வச்சிட்டிருக்கிறவங்களுக்குப் பாரமான வேலை குடுக்க ஏலாது. அதுக்காக வேலையால நிப்பாட்டவும் ஏலாது. நான் துரையோட பேசுறேன். செக்ரோல் பதிவுல உங்கட பேர் இருக்குதானே?"

கலாராணிதான் சொன்னாள்: "எம் பேர் இருக்கு மிஸ்."

விசயத்தைக் கேட்டு முடித்த பிறகு ஜெனீரா மிஸ் குடையின் கைப்பிடியைத் திருகினாள். "உள்ளதைச் சொல்லிருவோமே" என்றாள், குரல் இறங்கி.

"சொன்னா என் பேர வெட்டிருவாங்க. பச்சப் புள்ளையோட இவ எங்க போயி ஒண்டுவா?"

பிள்ளைக்காகக் காம்பரா வேண்டும். காம்பராவுக்காகப் பேர் வேண்டும். பேருக்காக வயிற்றுப் பிள்ளையைச் சுமந்துகொண்டு எட்டாம் நம்பர் மலையில் ஏற வேண்டும். தொழிற்சங்கம் தேர்தலுக்குத் தேர்தல் வந்து மாலை போட்டுக்கொண்டு போகிறது. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு நாதி இல்லை. "இன்னும் கொஞ்ச நாளுதானே மிஸ், இழுத்துப் புடிச்சிக்கிறேன்" என்று தனுஜாதான் அந்தப் பேச்சை முடித்து வைத்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அவளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பின்னேரம் தராசுக்குப் பிந்திப் போனால் அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான், போடுவார்கள் என்று எல்லோரும் குறுக்குவழியில் இறங்கினார்கள். அந்தப் பக்கத்து மலை கவாத்து வெட்டிக் கிடந்தது. செடியெல்லாம் மொட்டைக் கட்டையாகக் கூர்கூராக நின்றது. தனுஜா கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, வயிற்றுக்குக் கீழே கால் வைக்கிற இடம் தெரியாமல், தடவித் தடவித்தான் இறங்கினாள். புல் மூடிய தண்ணீர்க் கானுக்குள் ஒரு கால் போனது. அவ்வளவுதான். சாக்கு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வயிறு கட்டையில் போய் மோதியது.

"ஐயோ, எம் புள்ள!" என்று கத்தினாள். வேறு ஒன்றும் கத்தவில்லை.

நல்லையா ஓடி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். கொழுந்து லொறியிலேயே ஏற்றினார்கள். புவனேந்திரனும் லொறிப் பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவருக்கும் முகம் வெளுத்திருந்தது. "ஆஸ்பத்திரியில கேட்டா தண்ணி புடிக்கிற பீலியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லு புள்ள. மலையிலன்னு சொன்னா எல்லாரும் மாட்டிக்குவோம், ஒங்க மாமியும்தான்" என்றார். லொறி கிளம்புவதற்குள் அவளுடைய சாக்கையும் தராசில் நிறுத்துவிட்டார்கள். யாரோ கார்டை வைத்தார்கள். கலாராணி என்று விழுந்தது. பாவிகள், அன்றைக்கு முழுப் பேரே போட்டார்கள்.

ரோடு என்று சொல்கிறார்களே, அந்தக் குண்டும் குழியும் தாண்டிப் பதுளைக்குப் போய்ச் சேருவதற்குள் வயிற்றில் அசைவு நின்றுவிட்டது. தனுஜாவுக்கு அது தெரிந்தது. தெரிந்தும், கையை எடுக்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டே கிடந்தாள். ஆஸ்பத்திரியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஓடி ஓடித்தான் பார்த்தார்கள். பெண் பிள்ளை. தலை நிறைய முடி. அழவில்லை.

மறுநாள் நேர்ஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள், "எங்க விழுந்த நீங்க?"

கலாராணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேதி கேட்டுப் பின்னாலேயே பதுளைக்கு வந்து, அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் வாங்கியவள் அவள்தான். "சொல்லிரு புள்ள" என்றாள். "மலையிலன்னு சொல்லிரு. போன புள்ளைய விடவா அந்தக் காம்பரா பெருசு? பேர வெட்டட்டும். எம் பேரு நாசமாப் போகட்டும்!"

தனுஜா மாமியாரைப் பார்த்தாள். நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இந்த மழையில் இவளை எந்த ரோட்டில் கொண்டுபோய் உட்கார வைப்பது? பிள்ளைதான் போய்விட்டது. இவளையும் கொன்று போட்டு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

"பீலியில வழுக்கிட்டேங்க" என்றாள்.

அந்த நிமிசத்தோடு தனுஜா என்று ஒருத்தி அந்த மலையில் விழவேயில்லை என்று ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு ஜெனீரா மிஸ் வந்து பார்த்தாள். மார்பில் பால் கட்டி நெருப்பாகக் கொதித்தது. கோவா இலை, முட்டைக்கோஸ் இலைதான், வைத்துக் கட்டச் சொன்னாள். போகும்போது வாய் சும்மா இல்லாமல், "புள்ள செத்துப் பொறந்தாலும் தாய்க்குச் சம்பளத்தோட லீவு இருக்கு, தெரியுமா?" என்றாள்.

"யாருக்கு மிஸ்?" என்று கேட்டாள் தனுஜா. ஜெனீரா மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

அந்த வாரமே நல்லையா இஸ்தோப்பில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. "ஆபிசுல கேக்குறாங்க. கலாராணி சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டாளாம். திங்கக்கெழம பெரட்டுக்கு வரலேன்னா பேர வெட்டச் சொல்லி உத்தரவு. நான் என்னாம்மா செய்வேன், சொல்லுங்க."

திங்கட்கிழமை காலையில் கலாராணி சத்தம் போடாமல் எழுந்து கூடையைத் தேடினாள். அது ஏற்கனவே தனுஜாவின் தலையில் மாட்டியிருந்தது.

"வேணாம் புள்ள, பச்ச ஒடம்பு."

"ஒங்களால ஏற முடியாது மாமி. கஞ்சியக் குடிச்சிட்டுப் படுங்க."

பெரட்டுக்களத்தில் தனலெட்சுமி அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரும் கேலி பேசவில்லை. கூடைக் கயிறு தலையைப் பின்னால் இழுத்த இழுப்பில் மார்புக் கட்டு நெகிழ்ந்து, சட்டை இரண்டு பக்கமும் நனைய ஆரம்பித்திருந்தது. தனுஜா படங்கை மேலே இழுத்து மூடிக்கொண்டாள்.

"கலாராணி" என்று கூப்பிட்டார் நல்லையா.

அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் ஓவென்று அழுதுவிடுவாள்.

"கலாராணி வரலையா?" புவனேந்திரன் அந்தப் பக்கமிருந்து தலையை நிமிர்த்தினார்.

"இருக்கேங்க" என்றாள் தனுஜா.

"எட்டாம் நம்பர் மலை" என்றார் நல்லையா, அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் போய் நிரை பிடித்தாள்.