நைஸ் என்றால் என்னங்க?

அருள்புரத்தில் பொங்கியண்ணனின் பனியன் கம்பெனியில் இந்துமதிக்கு அன்று தலை வெடிக்காததுதான் பாக்கி. நிட்டிங் பிரிவிலிருந்து வந்து இறங்கிய துணி ரோலை விரித்து அடியில் கையை விட்டுப் பார்த்தாள். ஐந்து விரலும் தெரிந்தன. மோதிரத்தின் கல்கூடத் தெரிந்தது. குழந்தைகளின் குளிர்காலச் சட்டைக்கான துணியாம் இது! கொசுவலை என்றால் நம்பலாம்.

இந்தச் சட்டைகளை வாங்கும் லண்டன்காரியைப் பிடித்தவளே இந்துமதிதான். எட்டு மாதம் மெயில் மேல் மெயில் போட்டு, மூன்று தடவை சாம்பிள் அனுப்பி வாங்கிய முதல் ஆர்டர். இது நல்லபடியாகக் கப்பல் ஏறினால் வெளிநாட்டு ஆர்டர் முழுக்க உன் பொறுப்பு என்று பொங்கியண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். ஏறாவிட்டால் பழையபடி மூலையில் உட்கார்ந்து பேக்கிங் லிஸ்ட் அடிக்க வேண்டியதுதான்.

நிட்டிங் மாஸ்டர் பாண்டித்துரையைப் பிடித்துக் கேட்டாள்.

"ஆர்டர் சீட்டுல முப்பதாம் நம்பர் நூல்னு எழுதியிருக்குதல்லங்க? அதைவிட மெல்லிசா நாப்பதாம் நம்பர்ல ஓட்டி வெச்சிருக்கீங்களே, ஏனுங்க?"

"மொதலாளிதேன் போன் போட்டாரு தாயி. லண்டன் பையர் நைஸா கேக்குறாங்க, நைஸா ஓட்டுன்னாரு. அவரு வாயால சொன்னதுக்கப்புறம் சீட்ட யாரு பாக்குறது?"

இந்துமதிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சாம்பிளைப் பார்த்துவிட்டு லண்டன்காரி 'நைஸ்' என்று ஒற்றை வார்த்தையில் மெயில் போட்டிருந்தாள். இவள் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், "நைஸ்னு சொல்லிட்டாங்க, ஓட்டிரலாமுங்க" என்று முதலாளிக்குப் போனில் சொன்னாள். இவள் நன்றாக இருக்கிறது என்று சொல்ல, அவர் காதில் மெல்லிசு என்று விழுந்திருக்கிறது. அரைத்த மாவும் நைஸ், நூலும் நைஸ் என்று பேசும் ஊரில் வேறெப்படி விழும்? ஆனாலும் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கக் கூடாதா இந்த மனுஷன்!

துணியைச் சுருட்டிக்கொண்டு முதலாளி அறைக்குள் போனாள்.

"நீதானே கண்ணு நைஸுன்னு சொன்னே?" என்றார் பொங்கியண்ணன்.

"நல்லாருக்குதுன்னு சொன்னேனுங்க."

"அப்ப நல்லாருக்குதுன்னே சொல்லோணுமல்லொ? செரி, உடு. நைஸா இதையே அனுப்பிப்போடு. ஏதாச்சும் கேட்டாங்கன்னா நைஸ் பண்ணிப் பேசிக்கலாம்."

ஒரே மூச்சில் இன்னும் இரண்டு நைஸ்! கள்ளத்தனமாக அனுப்புவதாம், மாட்டிக்கொண்டால் குழைவதாம். பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. அப்படி என்னதான் அர்த்தம் இந்தப் பாழாய்ப்போன வார்த்தைக்கு என்று போனில் அகராதியைத் தேடிச் சத்தமாகவே வாசித்தாள்.

"லத்தீன்ல இருந்து வந்ததாமுங்க. ஆதியில ஒண்ணும் தெரியாதவன்னு அர்த்தமாம். அப்புறம் முட்டாளுன்னு ஆச்சாம். அப்புறம் எதுக்கெடுத்தாலும் குத்தம் கண்டுபிடிக்கறவன், நுணுக்கம், மெல்லிசு. நல்லதுங்கற அர்த்தமே கடைசியிலதான் வந்துச்சாமுங்க."

மெல்லிசு என்றதும் பொங்கியண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா! அந்தக் காலத்து இங்கிலீசுல நாஞ்சொன்னதுதான் செரி. இதை அந்தம்மாவுக்கு எழுதிப்போடு."

"ஆதியில இருந்த அர்த்தத்தையும் சேத்து எழுதட்டுங்களா?"

அவர் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. நடந்த தவறை ஒளிக்காமல் எழுதி, விரல் தெரியும் துணியைப் படம் பிடித்துச் சேர்த்து, சரியான நூலில் மறுபடி ஓட்டித்தர மூன்று வாரம் கேட்டு மெயிலை அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. இந்துமதி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, முதலாளி முன்னால் வைத்தாள். நாலே வரிதான். பொங்கியண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தெரிந்த சொல் எங்காவது இருக்கிறதா என்று விரலை ஓட்டிக் கடைசி வரியில் நின்றார்.

"நைஸ் ஒர்க்கிங் வித் யூ, இந்துமதி..." முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "உம் பேரைப் போட்டு நைஸுன்னு எழுதியிருக்காங்க கண்ணு! உண்மையைச் சொன்னது நல்லதாப் போச்சு. பாண்டித்துரைகிட்டச் சொல்லு, முப்பதாம் நம்பர் நூலை ஏத்தட்டும்."

இந்துமதி நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.

"ஏங்கண்ணு இப்பிடி நிக்கறே? இந்தத் தடவை நல்லாருக்குதுன்னுதானே அர்த்தம்?"

"இல்லீங்க," என்றாள். "கைகழுவி உடறப்ப சொல்ற நைஸுங்க இது. இனி மெயில் போட வேண்டாம்னு அர்த்தமுங்க."