பாட்டைப் பாகம் பிரித்தார்கள்

“சாவுப் பாட்ட மொதல்ல போட்றாத ஜானகி. புது கம்ப்யூட்டரு.”

ஹரிதாஸ் தன் புதுப் பெட்டியின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தான். பக்கத்திலேயே அவன் தம்பி கணேஸ்வரனும் இன்னொரு புதுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். அண்ணன் ஒரு பொட்டு வைத்ததைப் பார்த்துவிட்டு இவன் மூன்று வைத்தான்.

“எனக்கும் சாமி பாட்டுலேருந்து ஆரம்பி அக்கா.”

இருவருக்கும் நடுவில் பிறந்தவள் ஜானகி. அப்பா தங்கையா சாகும்வரை இந்தக் குருபோங் அடுக்குமாடி வீட்டில் அவரோடு இருந்தது அவள்தான். தங்கையா சவுண்ட் செட் வைத்திருந்தவர். அலோர் காஜாவிலிருந்து பெம்பான்வரை எந்த ஊரிலும் கல்யாணம், கோயில் திருவிழா, சாவு வீடு எதுவானாலும் அவருடைய ஒலிபெருக்கிதான். நாதஸ்வரக்காரர்களையும் உறுமி மேளக்காரர்களையும் ஒப்பாரி பாடும் பெண்களையும் நேரில் போய்ப் பதிவு செய்து கேசட் கேசட்டாகச் சேர்த்திருந்தார். கேசட்டில் பூஞ்சை பிடித்ததும் அவற்றை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணினிக்குள் ஏற்றியவள் ஜானகி. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார வேண்டும். நாடா சிக்கினால் மறுபடி முதலிலிருந்து. வருஷக்கணக்கில் உட்கார்ந்தாள். ஏற்றி முடித்த கேசட்டுகள் பூஞ்சையிலேயே வீணாகிப் போயின. அந்த வருஷங்களில் அண்ணனோ தம்பியோ அந்த அறைப் பக்கம் வந்ததில்லை. பூஞ்சை வாடை அவர்களுக்கு ஆகாதாம்.

அப்பாவின் காரியம் முடிந்ததும் லோரியை அண்ணன் எடுத்துக்கொண்டான். வேனைத் தம்பி எடுத்துக்கொண்டான். ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பாதிப் பாதி. மிச்சம் இருந்தது பாட்டு.

ஜானகி கேட்டது அதில் ஒரு பிரதி. அலோர் காஜாவில் புதிதாகத் திறந்திருந்த கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போட ஆள் தேடினார்கள். “உங்க அப்பா பாட்டோட வந்தீங்கன்னா வேலை உங்களுக்குத்தான்” என்று மண்டபத்துக்காரர் சொல்லியிருந்தார். பாட்டு இல்லையென்றால் பழையபடி தொழிற்சாலை வாசலில் போய் நிற்க வேண்டும்.

“எனக்கும் ஒரு காப்பி வேணும்ண்ணே.”

“என்னா காப்பி?” என்றார் சின்னத்தம்பி பெரியப்பா. அப்பாவின் அண்ணன். பாகம் பிரிக்கப் பெரிய மனிதர் வேண்டுமென்று அவரைப் பெம்பானிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். நாற்காலியில் சப்பணம் போட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். துப்புவதற்கு மைலோ டின் கேட்டு வாங்கிக் கணினிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

“அதே பாட்டு பெரியப்பா. இங்கயும் இருக்கும், அங்கயும் இருக்கும். எடுத்தா கொறையாது. மூணு பேருக்கும் முழுசாவே குடுக்கலாம். பிரிக்கவே வேணாம்.”

பெரியப்பா துப்பினார். பாதி டின்னுக்குள் விழுந்தது, பாதி அவள் காலையில் துடைத்த தரையில்.

“பிரிக்கவே வேணாம்னா என்னை எதுக்குக் காடி அனுப்பிக் கூட்டியாந்தீங்க?”

“சுசா லா அக்கா, ரொம்பக் கஷ்டம்,” என்றான் கணேஸ்வரன். “எல்லார்கிட்டயும் எல்லாம் இருந்தா ஜனம் என்னைக் கூப்பிடுமா, அண்ணனைக் கூப்பிடுமா?”

“யாரு நல்லா போடறீங்களோ அவங்கள கூப்பிடும்.”

“அதான் சுசா.”

ஹரிதாஸுக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஒன்றில் அண்ணனும் தம்பியும் ஒரே கட்சி.

“பாகம்னா, அவன்கிட்ட இருக்கறது இவன்கிட்ட இருக்கக் கூடாது,” என்றார் பெரியப்பா. “சட்டிய பிரிச்சாலும் அதான், பாட்ட பிரிச்சாலும் அதான். பொம்பளப் புள்ளைக்கு என்னாத்துக்கும்மா பாட்டு? இந்தப் பழைய கம்ப்யூட்டர நீயே வெச்சுக்க. அவனுங்க கேக்க மாட்டானுங்க.”

“காலியாத்தானே?”

“பின்னே?”

ஜானகி பழைய கணினியைத் திறந்து, பாட்டுகள் இருந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றினாள். அதைப் புதுப் பெட்டியில் மாட்டித்தான் பாட்டுகளை மாற்ற வேண்டும். அந்த வேலை அவளைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் அவளை அந்த இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

“கல்யாணப் பாட்டு பெரியவனுக்கு,” என்று தொடங்கினார் பெரியப்பா. “சாவுப் பாட்டு சின்னவனுக்கு. சாமி பாட்ட அப்புறம் பாப்போம்.”

“நான் என்னா சுடுகாட்டுக்காரனா?” கணேஸ்வரன் எழுந்து நின்றுவிட்டான். “ரோட்டுல போனா, சாவு செட்டுக்காரன் போறான்னு சொல்லுவானுங்க.”

“உக்காருடா மடையா. கல்யாணத்துக்கு நாள் பாக்கணும். ஆடியில உண்டா? மார்கழியில உண்டா? சாவுக்கு ஏது ஆடியும் மார்கழியும்?”

கணேஸ்வரன் உட்கார்ந்தான். இப்போது ஹரிதாஸ் எழுந்தான்.

“பெரியப்பா, சாவ நானே எடுத்துக்கிறேன். அவனுக்குத்தான் புடிக்கலியே.”

“யாரு சொன்னா புடிக்கலன்னு?”

“இப்பத்தானடா குதிச்சே!”

“ஒனக்கு என்னா திடீர்னு சாவு மேல ஆசை? பெம்பான்ல வேலாயி அக்கா இழுத்துக்கிட்டுக் கெடக்குதுன்னா?”

“ஆமா. மகன் சிங்கப்பூர்ல இருக்கான். பெருசா எடுத்துச் செய்வான்.”

“அது எனக்கு. நான் ஏற்கெனவே சொல்லி வெச்சிட்டேன்.”

“யார்கிட்ட?”

“மகன்கிட்டதான். போன் போட்டு, அம்மாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா யோசிக்காதீங்க, நம்ம செட் இருக்குன்னேன்.”

“அது இன்னும் உயிரோட இருக்கேடா!”

“செத்தப்புறம் கேட்டா நீ முந்திக்குவியே.”

பெரியப்பா இதற்குச் சிரித்தார். வாய் ஓரத்தில் சிவப்பாக வழிந்ததைப் புறங்கையால் துடைத்து, அந்தக் கையைப் புதுப் பெட்டியின் மேலேயே ஊன்றினார்.

வேலாயி பெம்பான் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவள். அம்மா பால்மரம் வெட்டப் போன காலத்தில் இந்த மூன்று பேரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

“அவங்க கையால கஞ்சி குடிச்சீங்கடா ரெண்டு பேரும்,” என்றாள் ஜானகி.

“நாங்க இல்லன்னு சொன்னமா?” என்றான் ஹரிதாஸ். “அதுக்குத்தானே நாமளே நல்லபடியா செய்யணும்கிறோம்.”

காலையில் இவர்களுக்காகச் செய்த தோசை இன்னும் மேசையில் கிடந்தது. பாதி தின்று, சட்னி விரல்களோடு விசைப்பலகையைத் தொட்டிருந்தார்கள். ஜானகி இன்னும் சாப்பிடவில்லை, இனி சாப்பிடப் போவதும் இல்லை.

கடைசியில் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். கல்யாணம், சாவு, சாமி எல்லாவற்றையும் வரிசையாக, ஒன்று பெரியவனுக்கு, அடுத்தது சின்னவனுக்கு. அதோடு பேச்சு முடிந்தது. ஜானகி இரண்டு பெட்டிகளிலும் மாறி மாறி டிஸ்கை மாட்டி, அவர் சொன்னபடி பிரித்துப் போட்டாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

“பெரியப்பா, இது ஒரே ஒப்பாரி. நீளம். கேசட்ல முன் பக்கம் பாதி, பின் பக்கம் பாதி. அதனால ரெண்டா ஏத்தியிருக்கேன். இதப் பிரிக்கக் கூடாது.”

“ரெண்டா இருக்கா?”

“ரெண்டாத்தான் இருக்கு, ஆனா...”

“ரெண்டுன்னா ரெண்டு பேருக்கு.”

“பாதி அழுகைய நீ வெச்சுக்க, மீதி அழுகைய நான் வெச்சுக்கிறேன்னா? பொணத்துக்கு முன்னால பாதியில நிப்பாட்டிட்டு நிப்பீங்களா? கல்யாண மேளமும் இப்படித்தான் இருக்கு. பொண்ணு மேடைக்கு வர்றது ஒரு பக்கம், கெட்டிமேளம் மறு பக்கம்.”

“அவனுக்கு ஒண்ணு கூடப் போனா நான் ஒத்துக்க மாட்டேன்,” என்றான் ஹரிதாஸ்.

“நானும்தான்,” என்றான் கணேஸ்வரன்.

பிரித்தாள். பிறகு அவர்கள் மூன்று பேரும் தலைக்கு மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, பழைய டிஸ்கை முழுக்க அழித்தாள். வெற்றிலை வாடை கழுத்தில் பட்டது. அவளிடம் இப்போது ஒரு பாட்டும் இல்லை.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தவளைப் பெரியப்பா உட்காரச் சொன்னார். ஒரு தட்டில் கற்பூரம் வைத்து, இரண்டு பெட்டிகளுக்கும் முன்னால் ஏற்றினார்.

“அணைச்சு சத்தியம் பண்ணும்மா. யாருக்கும் தெரியாம ஒரு பாட்டும் எடுத்து ஒளிச்சு வெக்கலன்னு.”

“நானா?”

“ஒனக்குத்தான இதெல்லாம் தெரியும்? அவனுங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

ஜானகி அண்ணனைப் பார்த்தாள். அவன் கற்பூரத்தைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தாள்.

“சும்மா ஒரு இதுக்குத்தான்க்கா,” என்றான் அவன். “கை சுடாது.”

“பண்ண மாட்டேன்.”

“அப்ப வெச்சிருக்கே,” என்றான் ஹரிதாஸ்.

“வெச்சிருக்கேன்னே வெச்சுக்குங்க. பொட்டியத் தூக்கிக்கிட்டு எடத்தக் காலி பண்ணுங்க. பெரியப்பா, அந்த டின்னையும் எடுத்துக்கிட்டுப் போங்க. நான் கழுவ மாட்டேன்.”

கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. அவர்கள் போனபின் தரையைக் கொதி தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். மண்டபத்துக்காரருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு வாரம் அவர் போன் அடித்தும் அவள் எடுக்கவே இல்லை.

இரண்டாவது வாரக் கடைசியில் வேலாயி போய்ச் சேர்ந்தாள். சிங்கப்பூர் மகனுக்காக ஞாயிற்றுக்கிழமைவரை வைத்திருந்தார்கள். ஜானகி வெள்ளிக்கிழமையே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் கணேஸ்வரன் வாசலில் நின்றான். கையில் புதுப் பெட்டி. சந்தனப் பொட்டுகள் காய்ந்து உதிர்ந்திருந்தன.

“மானம் போச்சுக்கா. என்கிட்ட இருக்கறது ஒப்பாரியோட பின்பாதி. மகன் இன்னும் வந்தே சேரல, அதுக்குள்ள என் மெஷினு சுடுகாட்டுக்கு வழி சொல்லுது. ஒரு கெழவி வந்து, ஏன்டா தம்பி அவ்ளோ அவசரம், வேற எடத்துல ஆர்டர் இருக்கான்னு கேக்குறா.”

“அண்ணன்கிட்ட முன்பாதி இருக்கு. போய்க் கேளு.”

“செத்தாலும் கேக்க மாட்டேன். நீ வெச்சிருக்கியே, அதுலேருந்து போட்டுக் குடு. அண்ணனுக்குத் தெரிய வேணாம்.”

ஜானகி வாயைத் திறந்தாள். இல்லையென்று சொல்லத்தான் திறந்தாள். ஆனால் அவன் அதற்குள் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, “பந்தலுக்குப் போணும், சாயந்தரம் வர்றேன்” என்று படியிறங்கிவிட்டான்.

மத்தியானம் ஹரிதாஸ் வந்தான்.

“நாளைக்கு அலோர் காஜாவுல கல்யாணம்டி. பொண்ணு மேடைக்கு வந்துருது. கெட்டிமேளத்துக்குத்தான் ஒண்ணுமில்ல. வாயாலயா அடிக்க முடியும்? நீ வெச்சிருக்கறதக் குடு. கணேஸுக்குத் தெரியக் கூடாது.”

“பொட்டியக் கொண்டா.”

“கீழ லோரியில இருக்கு.”

அவன் கொண்டு வந்து வைக்குமுன் தம்பியின் பெட்டியை உள்ளறைக்குத் தள்ளியிருந்தாள். அண்ணன் போனபின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். அண்ணன் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கரப்பான் ஓடியது. இவனிடமிருந்து பாதி, அவனிடமிருந்து பாதி, பழைய டிஸ்கில் முழுசாகச் சேர்ந்தது. அங்கிருந்து இரண்டு பெட்டிக்கும் முழுசாகப் போட்டாள். அன்றைக்கு மூன்று பேர் தலைக்கு மேல் குனிந்து நிற்காததால் வேலை சுலபமாகத்தான் முடிந்தது.

சாயங்காலம் முதலில் வந்தவன் ஹரிதாஸ்.

“எல்லாம் இருக்கா?”

“எல்லாமே இருக்கு. சாவு, கல்யாணம், சாமி. ஒண்ணு விடாம.”

அவன் முகம் விரிந்தது. “நீதான்டி என் தங்கச்சி. அவனுக்குக் குடுக்கலியே?”

“குடுத்திருக்கேன். அதே மாதிரி முழுசா.”

விரிந்த முகம் அப்படியே சுருங்கியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். லோரிக் கதவை அறைந்து சாத்தியது மேலே கேட்டது.

கணேஸ்வரன் இருட்டுவதற்குள் வந்தான். அவனிடமும் அதையே சொன்னாள். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

“அவனுக்கும் குடுத்திட்டியா? அப்புறம் எனக்கு என்னாத்துக்குக்கா இது?”

“வேலாயி அக்காவுக்குடா. முன்பாதியிலேருந்து போடு.”

“அது எங்க கேக்கப் போவுது?” என்றான்.

ஜானகி கதவைச் சாத்தினாள். உள்ளே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, மண்டபத்துக்காரருக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, நான் தங்கையா மக பேசறேன். மொதத் தேதிலேருந்து வர்றேன்.”

“பாட்டோடவாம்மா?”

“பாட்டோடதான்.”

“நல்லது, நல்லது. ஒண்ணே ஒண்ணும்மா. வேற யாருக்கும் அதக் குடுத்திடாதீங்க.”

“குடுத்தாச்சுண்ணே. ரெண்டு பேருக்கு.”

ஜானகி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

“சரி, போனது போச்சு,” என்றார் மண்டபத்துக்காரர். “மொதத் தேதி வாங்க. ஆனா மூணாவது ஆளுக்கு மட்டும்...”

“கேட்டா குடுப்பேன்,” என்றாள்.