நேல்ச்சே கேட்ட இன்ஸ்பிராக்

அந்தச் சொல்லை அதுவரை தேவாலயத்தில்தான் கேட்டிருக்கிறோம். எங்கள் டச்சு மொழியில் 'இன்' என்றால் உள்ளே, 'ஸ்பிராக்' என்றால் பேச்சு. கடவுள் மனசுக்குள் பேசுவதைப் பாதிரியார் இன்ஸ்பிராக் என்பார். எழுபத்திரண்டாம் வருஷம் அதே சொல் நகரசபையின் சுவரொட்டியில் வந்தது. எங்கள் தெருவை இடித்து அகலச் சாலை போடுகிறார்களாம், இன்ஸ்பிராக்குக்கு எல்லோரும் வர வேண்டுமாம்.

பள்ளிக்கூடக் கூடத்தில் ஆளுக்கு ஒரு காபி, ஒரே ஒரு பிஸ்கட். அதிகாரி ஃபான் டெல்டன் சிரித்தபடி சொன்னார்: "இப்ப அதுக்குப் புது அர்த்தம். திட்டத்துக்குள்ள நீங்களும் பேசலாம்."

நேல்ச்சே எழுந்தாள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி அவள்.

"எங்க வீட்டை இடிக்காதீங்கன்னு பேசறேன். கேப்பீங்களா?"

"கண்டிப்பா கேட்டுக்கறோம்மா."

"கேட்டுட்டு?"

"திங்கக்கிழமை இடிக்க ஆரம்பிக்கறாங்க. சாலையோரம் என்ன மரம் நடலாம்னு நீங்க சொல்லுங்க."

"உன் தலையில நடுய்யா!" என்று கத்தினார் கறிக்கடை ஹார்மன்.

நேல்ச்சேயின் முகம் சிவந்துவிட்டது. "முடிவு பண்ணிட்டு எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க? சாமி பேசறதுக்கு இருந்த பேரை இந்தப் பித்தலாட்டத்துக்கு வச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

திங்கட்கிழமை இயந்திரம் வந்தபோது தெருவை அடைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். போலீஸ்காரர்கள் நேல்ச்சேயை நாற்காலியோடு தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். அவள் திரும்பி வந்து நடுவில் உட்கார்ந்தாள். மறுபடி தூக்கினார்கள். மறுபடி வந்தாள். செய்தி பத்திரிகைகளில் வந்த பிறகுதான் நகரசபை இறங்கி வந்தது. சாலையின் அகலம் குறைந்தது. தெற்கு வரிசை வீடுகள் தப்பின, என் வீடும்தான். வடக்கு வரிசையை இடித்தார்கள். நேல்ச்சேயின் வீடு அந்த வரிசையில் இருந்தது.

சாலைத் திறப்புவிழாவில் ஃபான் டெல்டன் மேடையேறி, "இது மக்களோட இன்ஸ்பிராக்குக்குக் கிடைச்ச வெற்றி" என்றார்.

"பொய்!" நேல்ச்சே கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனாள். "எங்களைத் தூக்கி ஓரமா வச்சீங்களே, அதுக்குப் பேரு என்ன?"

அவர் கையசைக்க, பேண்டு வாத்தியம் முழங்க ஆரம்பித்தது. அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. வீடு தப்பிய நாங்கள்தான் ஓடிப்போய் டிரம் அடிப்பவனின் கையைப் பிடித்துக்கொண்டோம். அவள் பேசி முடிக்கும்வரை விடவில்லை.